பம்பாய்க்குப் போன பெயர்

சேந்தமங்கலத்தில் பத்திரம் எழுதிப் பிழைக்கும் அருணாசலத்தை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். துப்பறியும் கதை எழுதும் அருணாசலத்தை மதராஸ் வரைக்கும் தெரியும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இரண்டு பேரும் நான்தான். சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில், புளியமரத்து நிழலில், சாய்வு மேசை போட்டு உட்கார்ந்து ஒருவர் நிலத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பேன். கூட்டமில்லாத மத்தியானங்களில் அதே மேசையில், அதே மசியில், பொங்கியண்ணன் கதை எழுதுவேன்.

தேவனூர்ப் பொங்கியண்ணன் என்றால் திருடர்கள் நடுங்குவார்கள். கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து, போலீஸ்காரர்கள் கைவிட்ட கேஸ்களையெல்லாம் கண்டுபிடிப்பான். மோட்டார் ஓட்டுவான், துப்பாக்கி சுடுவான், வைர நெக்லஸ் ஒன்றைத் தேடிக் கப்பலேறி ரங்கூன் வரைக்கும் போவான். சேலத்தில் அச்சாபீஸ் வைத்திருந்த செல்லமுத்து என் கதைகளை மாதம் ஒரு புத்தகமாகப் போட்டார். ரயிலடியில் சுண்டலோடு சுண்டலாக விற்றன.

இந்தப் பொங்கியண்ணன் வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், மலையிலிருந்து ஒருவர் எங்கள் ஆபீசுக்குக் கைநாட்டு வைக்க வந்திருந்தார். அடிவாரத்துப் பண்ணையக்காரர் ஒருவர் அவருடைய பலாத்தோப்பைத் தம் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். பத்திரம் நான் எழுதியதுதான். மலைக்காரர் தம் முறைக்காகக் காத்திருந்தபோது, ஆபீஸ் பியூனின் கறவை மாட்டைக் காணோம் என்று ஒரே களேபரம். அவர் எழுந்து போய்த் தெருப் புழுதியைக் குனிந்து பார்த்தார்.

"முன்னங்காலு ஒன்ன இழுத்து வெக்குதுங்க. கூட ஒரு ஆளு போறான், எடது காலு செருப்பு பிஞ்சிருக்குது. ஏரிக்கரைப் பக்கமாப் போய்ப் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தார்கள். மாடும் கிடைத்தது, பிய்ந்த செருப்பும் கிடைத்தது. அவர் திரும்பி வந்து தம் தோப்புக்குக் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு மலையேறிப் போனார். தோப்பை இழந்த மனிதர் என் கண்ணில் படவில்லை, மாட்டைக் கண்டுபிடித்த மனிதர் மட்டும்தான் பட்டார். பத்திரத்தின் நகலைப் பார்த்து அவர் பெயரை அப்படியே என் கதைக்கு எடுத்துக்கொண்டேன்.

முதல் புத்தகத்தின் முன்னுரையில் கை சும்மா இராமல் ஒரு வரி சேர்த்தேன். 'நம் பொங்கியண்ணன் கற்பனையல்ல, தேவனூர் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறார்' என்று. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. விற்பனை நன்றாக இருக்குமே என்று எழுதியது. விற்பனையும் நன்றாகத்தான் இருந்தது.

உலக யுத்தக் காலம். காகிதத்துக்குத் தட்டுப்பாடு, சர்க்கரைக்குத் தட்டுப்பாடு, திருட்டுக்கு மட்டும் தட்டுப்பாடே இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவன் போலிப் பொங்கியண்ணன் புத்தகங்களை அச்சடித்து விட ஆரம்பித்தான். அவனுடைய பொங்கியண்ணன் குடித்துவிட்டுச் சந்தையில் சண்டை போடுவான். செல்லமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. அப்போதுதான் புதிதாக டிரேட் மார்க் சட்டம் வந்திருந்தது. சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் பதிகிற மாதிரி புத்தகத்துக்கும் பதியலாம் என்று அவருடைய வக்கீல் சொன்னார். 'தேவனூர்ப் பொங்கியண்ணன்' என்ற பெயரைப் புத்தகங்களுக்கான டிரேட் மார்க்காகப் பதிந்து தரும்படி பம்பாய் ஆபீசுக்கு மனுப் போனது. அச்சாபீஸ் பெயரில்தான் போட்டார்கள். நான் பெற்ற பிள்ளையை இன்னொருவர் பெயரில் பதிகிறார்களே என்று எனக்கு உறைக்கக்கூட இல்லை. பம்பாய் வரைக்கும் என் பெயர் போகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம், 1944 ஐப்பசியில், பம்பாயிலிருந்து ஒரு கேள்வி வந்தது. மனுவோடு அனுப்பிய புத்தகத்தின் முன்னுரையை அங்கே யாரோ தமிழ் தெரிந்தவர் படித்திருக்கிறார். உயிரோடு இருக்கிற மனிதரின் பெயர் என்றால், அந்த மனிதரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"அருணாசலம், ஒரே ஒரு வரி எழுதி வெச்சு நம்ம கழுத்தை அறுத்துட்டீங்க. நீங்களே போய் வாங்கிட்டு வாங்க" என்றார் செல்லமுத்து.

ஐப்பசியில் கீழ்நாட்டாராகிய சமவெளிக்காரர்கள் கொல்லிமலைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். மழையோடு மழையாக மலைக் காய்ச்சலும் தொடங்கிவிடும். கொயினாப் பட்டை விளையும் ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து, அந்தக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா மாத்திரை கண்ணில் காணக் கிடைப்பதில்லை. தெரிந்த கம்பவுண்டர் ஒருவரின் கையைக் காலைப் பிடித்துப் பதினான்கு மாத்திரை வாங்கிப் பொட்டலம் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறினேன். கால் வழுக்கியது, அட்டை கடித்தது. வழி நெடுக நான் அந்தப் பொட்டலத்தைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

தேவனூருக்கு மேலே, சாமைக் காட்டின் ஓரத்தில் புல் வேய்ந்த வீடு. பொங்கியண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பளியில் சுற்றிய ஆண்குழந்தை, எட்டு மாதம் இருக்கும். காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"பத்திர ஆபீசு சாமிங்களா? வாங்க" என்றார். எழுந்திருக்கவில்லை. குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.

மருமகள் பாவாயி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். இருபது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் சின்னமுத்து, பெரியவரின் ஒரே மகன், போன வருஷம் இதே காய்ச்சலில் போய்விட்டான். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அப்பன் முகத்தைப் பார்க்காமல் பிறந்த குழந்தை அது. இதையெல்லாம் நான் கேட்காமலே அவர் சொன்னார். நான் உச்சுக்கொட்டிவிட்டு என் விஷயத்துக்கு வந்தேன்.

"உங்க பேரைச் சர்க்காருல பதியப் போறோமுங்க. நீங்க சம்மதம்னு ஒரு கைநாட்டு வெச்சாப் போதும்."

"எம்பேரையுங்களா? பதிஞ்சா என்னாகுமுங்க?"

"அப்புறம் வேற ஒருத்தனும் அந்தப் பேரைத் தொட முடியாதுங்க. தொட்டா கோர்ட்டுக்கு இழுத்துருவோம்." செல்லமுத்து என்னிடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.

"அது ஆருகிட்ட இருக்குமுங்க?"

"சேலத்துல, கம்பெனிகிட்ட."

அவர் கொஞ்ச நேரம் குழந்தையின் காலைத் தேய்த்துவிட்டார். "நாஞ் செத்துப்போனா?"

"நீங்க போனாலும் பேரு போகாதுங்க. கெடு முடிய முடியப் புதுப்பிச்சுக்கிட்டே இருந்தா, உலகம் உள்ள வரைக்கும் கம்பெனிகிட்டயே இருக்கும்." நான் அதைப் பெருமையாகச் சொன்னேன். மனிதர் மகிழ்ந்து போவார் என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து பாவாயியின் குரல் வந்தது. "மாமா, வேண்டாமுங்க. தோப்பு போனது போதுமுங்க."

"பேருக்கும் தோப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சிரித்தேன். சிரித்தேனே தவிர, இது புத்தக அட்டைக்கு மட்டும்தான், உங்கள் பெயர் உங்களிடமேதான் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு. அந்த வேளையில் என் மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஞாபகம் வந்து பொட்டலத்தை அவிழ்த்தேன். அவர் பார்வை அதில் நின்றது.

"அது காச்ச மருந்துங்களா சாமி?"

"ஆமாங்க. கொயினா."

"கொழந்தைக்குக் கேக்குமுங்களா?"

இந்த இடத்தைப் பல பேரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். மாத்திரையைக் கொடுக்கத்தான் கொண்டுபோனேன் என்று ஒரு தடவை, எப்படியும் கொடுத்திருப்பேன் என்று ஒரு தடவை. நடந்தது இதுதான். "கேக்குமுங்க. மொதல்ல இந்த வேலையை முடிச்சுக்கலாம்" என்றேன். பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தேன்.

அவர் குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார். பெருவிரலில் மசி தடவி அழுத்தினேன். மசி காய்ந்து, காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் பொட்டலத்தை அவிழ்த்தேன். பன்னிரண்டு மாத்திரை கொடுத்தேன். எப்படி உடைத்து, எப்படித் தேனில் குழைத்துக் கொடுப்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். மீதி இரண்டை எனக்கு வைத்துக்கொண்டேன்.

குழந்தை பிழைத்துவிட்டது.

அடுத்த வருஷம் ஆனியில் பம்பாயிலிருந்து பதிவுச் சான்று வந்தது. செல்லமுத்து அதைக் கண்ணாடி போட்டு அச்சாபீசில் மாட்டினார். கோயம்புத்தூர்க்காரனுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது, அவனும் வாலைச் சுருட்டிக்கொண்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆடிக் கடைசியில் புதுப் புத்தகம் ஒன்றும் ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு, பெரியவருக்கு மரியாதை செய்துவிட்டு வரலாம் என்று மலையேறினேன்.

அவர் காட்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று, "பொங்கியண்ணா!" என்று கூப்பிட்டேன். நிமிரவில்லை. காது மந்தமாகிவிட்டதோ என்று கிட்டத்தில் போய்க் கூப்பிட்டேன். அவர் பக்கத்துச் செடிக்கு நகர்ந்தார். "ஏனுங்க" என்றதும் சட்டென்று திரும்பி, "சாமிங்களா, வாங்க" என்றார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டேனே?"

"அது இப்ப என்னுது இல்லீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காட்டை விற்றவன் அந்தக் காட்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

மீதியைப் பாவாயி சொன்னாள். இடுப்பில் குழந்தை, நன்றாகத் தேறி, என் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் குழந்தை பிறந்ததும் பெயர் வைப்பதில்லை. பாதிக் குழந்தைகளைக் காய்ச்சல் கொண்டுபோய்விடும் மலை. இரண்டாவது ஆடியைக் காணும் குழந்தைக்குத்தான் கோயிலில் பெயர் சொல்வார்கள். தலைமகனுக்குப் பிறந்த தலைமகன் என்றால் தாத்தா பெயர்தான், மாற்றுப் பெயர் கிடையாது. ஊர் கூடி நிற்க, தாத்தா குழந்தையைக் கையில் வாங்கி, 'எம்பேரை இவனுக்குக் குடுக்கறேன்' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. சொல்லவில்லை என்றால், அந்த வீட்டில் பிறந்தவன் இல்லை. அப்பன் செத்த பிறகு பிறந்த குழந்தைக்கு அதைவிட்டால் வேறு சாட்சியும் இல்லை.

"போன வாரம் கோயில்ல எல்லாரும் நின்னாங்க" என்றாள் பாவாயி. "மாமன் பையனைக் கையில வாங்குனாரு. வாங்கிட்டு, 'எம்பேரு எங்கிட்ட இல்லீங்க, கீழநாட்டுக்காரங்களுக்குக் கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டேன்'னு சொல்லிப்போட்டாரு. ஊருல ஒருத்தருக்கும் தெரியாதுங்க சாமி. எனக்கும் அவருக்கும்தான் தெரியும். ஆரும் கேக்கக்கூட இல்ல."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் பக்கம் திரும்பி, "ஏனுங்க, உங்களை ஆரு சொல்லச் சொன்னது?" என்று கத்தினேன்.

"இல்லாததக் குடுக்கறேன்னு சாமிகிட்ட எப்படிங்க சொல்றது?" என்றார்.

அங்கிருந்து நேராக, ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ராசப்பன் வீட்டுக்குப் போனேன். டிரேட் மார்க் என்றால் என்ன என்று தொண்டை வற்ற விளக்கினேன். புத்தகம் விற்பதற்கு மட்டும்தான், பெயர் பெரியவரிடமேதான் இருக்கிறது, பேரனுக்குத் தாராளமாக வைக்கலாம் என்றேன். கொண்டுபோன புத்தகத்தையே காட்டினேன். அட்டையில் பொங்கியண்ணன் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு நின்றான். ராசப்பன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பலாத்தோப்பு எழுதறப்பவும் இதையேதானுங்க சொன்னீங்க. காயிதம் மட்டும் பண்ணையக்காரருக்கு, பழம் உங்களுக்குத்தான்னு. மறு வருசம் ஒரு சொளை தின்ன விடலீங்க. காவக்காரன் அடிச்சுத் தொரத்துனான்."

நான் சொல்லியிருக்கிறேன். எத்தனையோ பேரிடம் அந்தச் சமாதானத்தைச் சொல்லித்தான் கைநாட்டு வாங்கியிருக்கிறேன்.

"கைநாட்டு வெச்ச காயிதத்தத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துருங்க. அன்னைக்கே பேரு சொல்லிரலாம்" என்றார் ராசப்பன். "தை வரைக்கும் பொறுக்கறோம். அவரு பங்காளிங்க இப்பவே அவரு காட்ட எங்களுதுன்னு கேக்கறாங்க. பையனுக்குப் பேரு இல்லீன்னா நாங்க என்ன சொல்லித் தடுக்கறது? பாவாயியும் கொழந்தையத் தூக்கிக்கிட்டு ஆலத்தூர் நாட்டுல அவ அப்பன் ஊட்டுக்குத்தான் போவோணும்."

நியாயமான பேச்சுதான். காகிதம் எடுத்ததைக் காகிதம்தான் திருப்பித் தர வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே என்னைப் போன்றவர்கள்தான்.

சேலத்துக்குப் போனேன். செல்லமுத்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மதக் காகிதம் பம்பாய் ஃபைல்ல இருக்குதுங்க. அதை எப்படித் திரும்ப வாங்கறது?" என்றார்.

"அப்படின்னா நீங்க ஒரு கடுதாசி குடுங்க. இந்தப் பேரு அவருக்கும் அவர் பேரனுக்கும் உரியது, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு ஒரே ஒரு வரி. சீல் போட்டுக் குடுங்க, போதும்."

"அந்தக் கடுதாசி கோயம்புத்தூர்க்காரன் கையில கெடைச்சா? அந்தப் பையன் பேருலயே ஒரு கம்பெனி ஆரம்பிச்சு, இது எங்க பொங்கியண்ணன்னு நிப்பான். ஒரு வரியால வந்த வம்பு போதுமுங்க அருணாசலம்." பேனாவை மூடி வைத்தார். "ஊருல பேருக்கா பஞ்சம்? வேற ஒன்னு வெச்சுக்கச் சொல்லுங்க. தீபாவளிப் புத்தகம் எங்க?"

மேசையைக் குத்தி, சண்டை போட்டு, இனி உமக்கு ஒரு வரி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். எழுத மாட்டேன் என்று சொன்னால் அவர் இன்னொருவனை வைத்து எழுதுவார். பெயர் அவருடையது, சட்டப்படி அவருடையது. பொங்கியண்ணன் இல்லாத அருணாசலம் வெறும் பத்திரக்காரன். அந்தப் பயம் எனக்கு இருந்தது. பேசாமல் வந்து தீபாவளிப் புத்தகத்தை எழுதினேன். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. கார்த்திகையில் இன்னொரு புத்தகம் கேட்டார், அதையும் ஆரம்பித்தேன். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று மார்கழியும் வந்துவிட்டது.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். பொய்க் காகிதம் ஒன்று தயார் செய்தேன். சம்மதக் கடிதத்தின் வாசகம் என்னிடம் இருந்தது. அதே மாதிரி காகிதத்தில், அதே மசியில் எழுதினேன். தேத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்துப் பழசாக்கினேன். பம்பாயிலிருந்து வந்த உறையைக் கிழித்து, இங்கிலீஷ் எழுத்தும் முத்திரையும் இருந்த துண்டை ஓரத்தில் ஒட்டினேன். கைநாட்டு இருக்க வேண்டிய இடத்தில் என் வலது பெருவிரலை மசியில் தோய்த்து அழுத்தினேன். கைநாட்டு எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, எவனுக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். ஆயிரம் கைநாட்டு வாங்கியவன் நான், ஒன்றையாவது உற்றுப் பார்த்ததில்லை.

தைப் பொங்கல் கழிந்த நான்காம் நாள் தேவனூரில் இருந்தேன். ராசப்பன் ஊரைக் கூட்டினார். கோயில் முன்னால் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். பங்காளிகள் ஒரு பக்கமாகக் கைகட்டி நின்றார்கள். பாவாயி குழந்தையைக் குளிப்பாட்டி, புது அரைஞாண் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இந்த ஒரு பொய்யாவது நல்லதுக்கு ஆகப் போகிறது என்று எனக்குத் தெம்பு வந்தது.

ராசப்பன் காகிதத்தை வாங்கி விரித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். படிக்கத் தெரியாது என்றாலும் நம்பிவிட்டார் என்று தெரிந்தது. அவருக்கும் இது நல்லபடியாக முடிய வேண்டும் என்றுதான் ஆசை. பெரியவரிடம் நீட்டி, "உங்க கைதானுங்களா? பாத்து ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, பேரு சொல்லிரலாம்" என்றார்.

அவர் காகிதத்தை வெயில் பக்கம் திருப்பிப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, கையை. நான் கையை வேட்டி மடிப்பில் மறைத்தேன். தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆமாம் என்று சொல்லும், ஒரே ஒரு தடவை சொல்லும் என்று மனசுக்குள் அவர் காலில் விழுந்தேன்.

"மாமா" என்றாள் பாவாயி.

அவர் அவளைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. நான் எழுதிய எந்தக் கதையிலும் ஒரு மனிதன் அந்தப் பாடு பட்டதில்லை.

"இது எங்கையி இல்லீங்க" என்றார். "எம்வெரலு களைக்கொத்துப் புடிச்சுத் தேஞ்ச வெரலு, கோடே விழாது. இதுல சுத்திச் சுத்திக் கோடு ஓடுது. இது எழுதற கையிங்க."

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ராசப்பன் காகிதத்தை மடித்து என் பையிலேயே வைத்தார். பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். பாவாயி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போய், இருந்த இரண்டு சீலையை மூட்டை கட்டினாள்.

நான் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே. அந்தப் புள்ளைக்காகவாவது சொல்லியிருக்கலாமே."

"பேரக் குடுத்து உசுர வாங்குனேன். உசுரு இருக்குதுங்கள்ள. குடுத்ததத் திருட்டுத்தனமாத் திருப்பி எடுத்தா, வாங்குனது நெலைக்குமுங்களா சாமி?" என்றார்.

உசிரை வாங்கினாராம். நான் கொடுத்த பன்னிரண்டு மாத்திரையை அவர் இத்தனை நாளும் விலையாகத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அது சும்மா கொடுத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சும்மா கொடுத்திருந்தால் அல்லவா சொல்வதற்கு? அவர் குழந்தையைக் காட்டு வரப்பு வரைக்கும் தூக்கி வந்து, பாவாயியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். குழந்தை அவர் போன பக்கமே கையை நீட்டி அழுதது. கூப்பிட அதற்கு இன்னும் பேச்சுத் திருந்தவில்லை.

பாதை பிரிகிற இடம் வரைக்கும் பாவாயிக்குப் பின்னால் நடந்தேன். மன்னிப்புக் கேட்கத் துணியவில்லை. அங்கே போய் என்ன பெயர் வைப்பாய் என்று கேட்க நினைத்தேன், அதற்கும் துணியவில்லை. ஆலத்தூர்ப் பாதை பிரியும் இடத்தில் அவளே நின்றாள்.

"உங்க பொஸ்தகத்துல எங்க மாமன் இருக்கறாருன்னு ஊர்க்கவுண்டருகிட்டச் சொன்னீங்களாமே. அதுலயும் இப்படித்தானுங்களா?"

"எப்படிம்மா?"

"பொய்யே சொல்ல மாட்டாருங்களா?"

சாமியார் வேஷத்தில், சேட்டு வேஷத்தில், செத்த ஜமீன்தாரின் மகன் வேஷத்தில் பக்கத்துக்குப் பக்கம் அவன் சொன்ன பொய்யெல்லாம் என் நினைவுக்கு வந்தது.

"சொல்லுவாரும்மா" என்றேன். "நெறையச் சொல்லுவாரு. ஆருக்காவது ஆபத்துன்னா சட்டுனு சொல்லிருவாரு."

பாவாயி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த மாமன் எங்களுக்கு வாச்சிருக்கக் கூடாதுங்களா" என்றாள்.

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். நான் சேந்தமங்கலம் வந்து சேர்ந்து, பாதியில் நின்ற புத்தகத்தை எழுதி முடித்துச் சேலத்துக்கு அனுப்பினேன்.